வீடு தயாரா?

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் பாசஞ்சர் ரயில் பாசூர், ஊஞ்சலூர் தாண்டிக் கொடுமுடியில் நிற்கிறது. அமாவாசைக் கூட்டம் இல்லாத சாதாரண நாள். பரிகாரம் செய்ய வந்த நாலைந்து பேர் மகுடேசுவரர் கோயில் பக்கம் நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினோரு வயதுப் பையன் ஒருவன் இறங்குகிறான். தோளில் பள்ளிப் பை, கையில் ஒரு துணிப்பை. கூடவே ஃபைலும் கையுமாக ஒரு பெண் அலுவலர். பிளாட்பாரத்தில் காத்திருந்த அம்மா ஓடிவந்து, "வந்துட்டியா சாமி" என்று கட்டிக்கொள்கிறார். பையன் அசையாமல் நிற்கிறான். பிறகு அலுவலரைத் திரும்பிப் பார்த்து, "எங்காவது கையெழுத்துப் போடணுங்களா மிஸ்?" என்று கேட்கிறான்.

சினிமாவாக இருந்தால் படம் இங்கேயே முடிந்திருக்கும். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது பாதிக் கிணறு தாண்டிய கணக்கு.

இந்தப் பையன் கற்பனை. பல பிள்ளைகளுக்கு நடப்பதை ஒருவன் தலையில் ஏற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் என்று அடையாளம் காட்டும் எதை வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் அவனைச் சுற்றியுள்ள சட்டம், பணம், படிவம், தவறுகள் எல்லாம் நிஜம்.

அனாதை என்ற சொல்

'அனாதை இல்லம்' என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். பிறந்தநாள் வந்தால் அங்கே போய்ச் சாப்பாடு போடுகிறோம். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். உலக அளவில் காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009இல் சொன்னது.

நம்மூரிலும் கதை இதேதான். அப்பா இறந்துபோவார். அம்மா மஞ்சள் வெட்டுக்கோ சித்தாள் வேலைக்கோ போவார். வாரக் கந்துக்காரர் வாசலில் நிற்பார். "பையனை ஹாஸ்டல்ல விட்டுருங்க, சோறும் படிப்பும் சும்மா கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த 'ஹாஸ்டல்' மாணவர் விடுதியா, குழந்தைகள் இல்லமா என்ற வித்தியாசம் கூட அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வருஷத்துக்கு என்று விட்ட பிள்ளை நான்கு வருஷம் அங்கேயே இருந்துவிடும்.

வறுமை பிள்ளையை வீட்டை விட்டுத் தள்ளுவது கொடுமுடிக்குப் புதிதல்ல. இந்த ஊரில் 1908இல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு சேர்த்தார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது நாடகக் கம்பெனி. பிற்காலத்தில் அந்த இடத்தின் ஒரு பகுதிக்கு இல்லங்கள் வந்தன. மத்திய அரசு எடுத்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி நாடு முழுவதும் 9,589 இல்லங்கள். மிக அதிக இல்லங்கள் இருந்தது தமிழ்நாட்டில்.

இல்லம் என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. அடி உதையிலிருந்தும் அதைவிட மோசமானவற்றிலிருந்தும் தப்பி வந்த குழந்தைக்கு அதுதான் முதல் பாதுகாப்பான இரவு. நல்ல இல்லத்தில் கூடப் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பதுதான் பிரச்சினை. அவர் வேலை மாறிப் போனால் இன்னொருவர் வருவார். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்துக் காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை வைத்து 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். மூளை வளர்ச்சி, பேச்சு, யாரிடமாவது ஒட்டிக்கொள்ளும் தன்மை எல்லாவற்றிலும் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் முன்னேறியதையும், எவ்வளவு சிறு வயதில் போனார்களோ அவ்வளவு பலன் கிடைத்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஏழ்மை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தையை அதன் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதே எந்தக் குழந்தைகள் இல்லத்துக்கும் முதன்மை நோக்கம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 40ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது.

ஒரு கடிதம், ஒரு தீர்ப்பு

இந்த விஷயத்தில் நாடு முழுவதற்குமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்துதான் பிறந்தது. மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதமே பொதுநல வழக்கானது. பத்து ஆண்டு கழித்து 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும். இல்லத்தில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். இல்லத்துக்கு மாற்றான வழிகளைத் தேட வேண்டும் என்றது.

தனிப் பராமரிப்புத் திட்டம் என்றால் பெரிய சங்கதி எதுவும் இல்லை. இந்தப் பிள்ளை ஏன் இங்கே வந்தது, வெளியே போக என்ன தடை, அந்தத் தடையை யார் எப்போது நீக்குவது என்று ஒரு படிவத்தில் எழுதுவதுதான். அது எழுதப்படாத இல்லத்தில், பிள்ளை வந்த காரணம் தீர்ந்து போனாலும் பிள்ளை அங்கேயே இருக்கும். அம்மாவின் கடன் அடைந்திருக்கும், அண்ணனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கும். அதைப் போய்க் கேட்க ஆள் இருக்காது.

அவசரமாக அனுப்பியபோது

நேர் எதிரான தவறும் நடந்தது. கொரோனா வந்த 2020 ஏப்ரலில், கூட்டமாகத் தங்கும் இல்லங்களில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து உத்தரவிட்டது. ஜூன் மாதம் சென்னை ராயபுரத்துக் காப்பகம் ஒன்றில் 35 குழந்தைகளுக்குத் தொற்று வந்த செய்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. நாடெங்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கொரோனா தொடங்கியபோது இல்லங்களில் இருந்தவர்கள் 2,27,518 பேர். அவர்களில் 1,45,788 பேர் குடும்பத்திடமோ காப்பாளரிடமோ அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

அதற்கு முன்பே செப்டம்பரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. இல்லங்களில் உள்ள பிள்ளைகளைக் கூடுமானால் நூறு நாளைக்குள் குடும்பத்தோடு சேர்த்துவிடுங்கள் என்பது கடிதத்தின் சாரம். குழந்தை உரிமைக்காரர்கள் பதறிப்போனார்கள். அடிக்கிற அப்பா மாறிவிட்டாரா? வேலை இழந்து நிற்கும் வீட்டில் இன்னொரு வயிற்றுக்கு அரிசி எங்கே? பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட மாட்டார்களா? இதையெல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க நூறு நாள் போதுமா என்பது அவர்கள் கேள்வி.

டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் பணத்தையும் கண்காணிப்பையும் சேர்த்து ஓர் உத்தரவு போட்டது. வீடு திரும்பிய ஒவ்வொரு குழந்தையின் படிப்புக்கும், குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பொறுத்து, மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றது. முதலில் பிள்ளையை அனுப்பி, பிறகு அரிசிக்கு வழி தேடிய கதை அது.

திண்ணையில் கேட்கும் கேள்விகள்

ஒழுங்காக நடந்தால் வேலை எப்படிப் போகும்? தனியாகத் திரியும் குழந்தையைப் போலீஸ், ரயில்வே ஊழியர், பொதுமக்கள் யார் கண்டாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர் கொண்ட இந்தக் குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் உட்கார வேண்டும். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு. குழு கேட்டால் பதினைந்து நாளைக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவு.

அந்த அறிக்கைக்காகத்தான் அலுவலர் முதன்முதலாகக் கொடுமுடிக்கு வந்திருப்பார். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய ஊர்களில் ஒன்று. ஓட்டு வீடு, முன்னால் சிறு திண்ணை, வேலியோரம் வாழை. அம்மிச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பேச்சு மழையில், மஞ்சள் விலையில் தொடங்கும்.

"ஏனுங்கம்மா, பையன் ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்ல யாருங்க இருப்பீங்க?"

"நானு மஞ்ச வெட்டுக்குப் போயிட்டா வர்றதுக்கு ஆறு மணி ஆயிருமுங்க. எங்கம்மா இருக்குதுங்க."

பையன் எங்கே படுப்பான், குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வீட்டில் குடிக்கிறவர் உண்டா, கடன் யாரிடம் எவ்வளவு, ரேஷன் கார்டில் அவன் பெயர் இன்னும் இருக்கிறதா, அம்மா மறுமணம் செய்திருந்தால் புது அப்பா பையனைப் பற்றி என்ன சொல்கிறார். படிவத்தில் உள்ளவை ஒரு பாதி. கண்ணால் பார்ப்பவை மறுபாதி. பிறகு பக்கத்து வீட்டில், மளிகைக் கடையில், பள்ளியில் தனித்தனியாக விசாரிப்பார். தலைமையாசிரியர் ஆறாம் வகுப்பில் இடம் தருவாரா, டி.சி. வரத் தாமதமானால் என்ன செய்வது என்பதும் அப்போதே பேசி வைக்கப்பட வேண்டும்.

பையனிடமும் கேட்க வேண்டும். தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் பேச்சுக்கு இடம் தர வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. "அம்மா கிட்டப் போறியா கண்ணு?" என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். "அங்க யாரைக் கண்டா பயம்?" என்று கேட்டால்தான் விஷயம் வரும். அதற்கு ஒரு நாள் போதாது.

ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. உறவுக்காரர் கல்யாணம், சாவு, பரீட்சை போன்ற காரணங்களுக்காக, பயண நேரம் நீங்கலாக ஒரு முறைக்கு ஏழு நாள் வரை பிள்ளையை விடுப்பில் அனுப்பலாம் என்கிறது சட்டத்தின் 98ஆம் பிரிவு. போய்த் திரும்பிய பிள்ளை வண்டியிலிருந்து இறங்கும் முகமே பல சமயம் பாதி அறிக்கை.

ஊர் தெரியாத பிள்ளை

கொடுமுடிப் பையனுக்கு ஊர் தெரியும், அம்மா பெயர் தெரியும். தெரியாத பிள்ளைகளும் வருகிறார்கள். கொங்கு நாட்டின் நூற்பாலைகளையும் பனியன் கம்பெனிகளையும் நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் ரயில்களில் சிறுவர்களும் உண்டு. 2018 தொடங்கி 2024 மே வரை ரயில்வே பாதுகாப்புப் படை நாடு முழுவதும் ரயில்களிலும் நிலையங்களிலும் மீட்ட குழந்தைகள் 84,119 பேர். ஓடி வந்தவர்கள், தொலைந்தவர்கள், கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

ஒடியா மட்டுமே பேசும் சிறுமியை ஈரோட்டில் விசாரிக்க வேண்டுமானால் முதலில் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டும். ஊர்ப் பெயரைக் குழந்தை சொல்லும் விதம் வேறு, வரைபடத்தில் இருப்பது வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, எந்தத் திருவிழாவுக்குப் புதுத்துணி எடுத்தார்கள், ரயில் ஏற எத்தனை நேரம் நடந்தாய் என்று நூல் பிடித்துப் போக வேண்டும். பேச முடியாத பிள்ளைகளுக்கு ஆதார் கைகொடுத்த சம்பவங்கள் உண்டு: புதிதாகப் பதியக் கைரேகை வைத்தபோது, 'ஏற்கனவே பதிவாகியிருக்கிறது' என்று இயந்திரம் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே தேடல் இன்னும் கொடிய சூழ்நிலையில் நடந்தது. இலங்கையில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் கடைசியில், வடக்கு மாகாணத்துக்காக வவுனியாவில் குடும்பத் தேடல், மீளிணைப்புப் பிரிவு ஒன்று யுனிசெஃப் உதவியோடு தொடங்கப்பட்டது. பிள்ளையைத் தொலைத்த பெற்றோரின் பட்டியலையும் பெற்றோரைத் தொலைத்த பிள்ளைகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் அதன் வேலை. எல்லாப் பெயருக்கும் ஜோடி கிடைக்கவில்லை.

அனுப்பக் கூடாத வீடு

எல்லாப் பிள்ளையையும் அனுப்பிவிட முடியாது. வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமை நடந்திருந்து, செய்தவர் அதே கூரையின் கீழ் இருந்தால், போக்சோ வழக்கு நடக்கும்போதே பிள்ளையை அங்கே அனுப்புவது சாட்சியைக் கலைப்பதற்கும் வழி செய்யும். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலைக்கு அனுப்பிய குடும்பத்தில் அந்தக் கடன் அப்படியே இருந்தால், மீட்கப்பட்ட பையன் அடுத்த மாதமே வேறு தறிக்கூடத்தில் நிற்பான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது; அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும். குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பி வந்த பெண்ணை, "இனிமேப் பண்ண மாட்டமுங்க" என்ற ஒரு வரிக் கடுதாசியை நம்பி அனுப்புவதும் இந்த வகைதான்.

அப்போதும் இல்லம் மட்டுமே வழி என்றில்லை. அப்பா ஆகாவிட்டால் அம்மிச்சி இருக்கலாம், மாமன் இருக்கலாம். பெற்றோரிடம் மட்டுமல்லாமல் காப்பாளரிடமோ தகுதியானவர் என்று குழு ஏற்கும் வேறொருவரிடமோ ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. யாரும் இல்லாவிட்டால் வளர்ப்புப் பராமரிப்பு என்று இன்னொரு குடும்பத்தில் வைக்கலாம்.

நாலாயிரம் ரூபாய்

பணம் சின்ன விஷயம் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 'நிதி ஆதரவு' என்று ஓர் உதவி உண்டு. கைம்பெண், கைவிடப்பட்டவர், கடும் நோயாளி ஆகியோரின் பிள்ளைகளுக்கும், இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய். கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு, பிள்ளை காலையிலும் மத்தியானமும் பள்ளியிலேயே சாப்பிட்டுக்கொள்ளும் என்பது 'ஹாஸ்டல்ல விட்டுரலாமா' என்ற யோசனையைத் தள்ளிப்போடும் காரணம். ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகாமலே தடுத்துவிட்டால், திரும்பக் கூட்டிவரும் இத்தனை பாடும் மிச்சம்.

ஆனால் திட்டத்தின் பெயர் தெரிந்தால்தானே கேட்க முடியும்? விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும் என்பது ஊர்ப்புறத்தில் பலருக்கும் தெரியாது. 1098 என்ற எண் பரவாயில்லை, பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறது. 1996இல் மும்பையில் ஒரு சமூகப்பணிக் கல்வி நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கிய அந்த உதவி எண், 2023 முதல் மாநில அரசுகளின் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளை ஆபத்தில் இருந்தால் மட்டுமல்ல, வளர்க்க வழியில்லாமல் தவிக்கும் அம்மாவும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

இரண்டாம் மாதம், ஆறாம் மாதம்

வீடு வந்த முதல் வாரம் பையன் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டான். மணி அடிக்கவில்லை, பழக்கம். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, யாராவது அடுத்த வேலையைச் சொல்வார்கள் என்று நின்றான். "தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டான். அம்மாவை ஒருமுறை வாய் தவறி 'மிஸ்' என்று கூப்பிட்டுவிட்டான். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

இரண்டாம் வாரத்தில் அவன் தலையணைக்கடியில் நாலு பிஸ்கட்டும் ஒரு பழைய இட்லியும் இருந்ததை அம்மிச்சி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுப் பையன்கள் அவனை 'இல்லத்துப் பையன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் குடும்பம் தாங்கிக்கொள்ளும். சொல்லாமல் விட்டால், 'பையன் மாறிப்போயிட்டான், திரும்ப அங்கேயே விட்டுரலாம்' என்ற பேச்சு வரும்.

பராமரிப்புத் திட்டப் படிவத்தின் கடைசிப் பகுதி இதற்காகத்தான் இருக்கிறது. பிள்ளை வெளியேறிய பிறகு ஒரு சந்திப்பு. அதன்பின் இரண்டு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. வீட்டார் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள், பள்ளியில் சேர்ந்தாயிற்றா என்பதோடு, அக்கம்பக்கத்தார் மனப்போக்கு எப்படி என்றும் ஒரு கட்டம் அதில் உண்டு. அடுத்தவர் வாய்க்கு அரசாங்கப் படிவத்தில் இடம் கொடுத்த ஆள் யாரோ, ஊரை நன்றாகத் தெரிந்தவர்.

ஆறாம் மாதம் அலுவலர் வரும்போது பையன் வீட்டில் இல்லை. பள்ளிப் பை கயிற்றுக் கட்டிலில் தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு புத்தகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டை வேலி மேல்.

"எங்கீங்க பையன்?"

"ஆத்தோரம் சுத்தப் போயிருச்சுங்க" என்று அலுத்துக்கொள்கிறார் அம்மிச்சி. "சொன்ன பேச்சே கேக்கறதில்லைங்க மேடம். எந்திரிக்கறதே ஏழு மணிக்குத்தான். எதாச்சும் சொன்னா எதுத்து எதுத்துப் பேசுதுங்க."

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் எழுதுகிறார். பிறகு பக்கத்தைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போகிறார்: போன மாதம் பள்ளிக்கு எத்தனை நாள் போனான், பணம் கணக்கில் ஏறியதா?